மற்றவை

கடைசிப் பக்கம் கட்டாயம் என்றார்கள்.
'இந்தச் செயல்திட்டத்தால் நான் அறிந்தது'
தலைப்புக்குக் கீழே பன்னிரண்டு கோடு.
தாண்டி எழுதினால் மதிப்பெண் குறையும்.

எங்கள் வகுப்புக்கு விழுந்த சீட்டு: நவீன அன்றாட வாழ்வு.
ஜெனோவா குழு எஸ்கலேட்டரை எடுத்துக்கொண்டது.
முதல் படியில் கால் வைக்கப் பயப்படுகிறவர்களைப் படம்பிடித்து
இசை சேர்த்துப் போட்டுக் கைதட்டு வாங்கியது.
நானும் ஒச்சப்பனும் எடுத்துக்கொண்டது
மாட்டுத்தாவணியில் ஒரு தூண்,
தூணில் சார்ஜ் போடுகிற பலகை.
ஆறு பிளக். இரண்டில்தான் கரண்ட்.
எந்த இரண்டு என்று
தேன்மிட்டாய் விற்கிற அக்காவுக்கு மட்டும் தெரியும்.

காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது.
அட்டவணையில் ஐந்து கட்டம்:
நேரம், வயது, போகும் ஊர், எத்தனை சதவீதம்,
மற்றவை.

திருப்பூர் போகிற பையன், நாலு சதவீதம்.
ஒயர் குட்டை என்பதால்
தூணுக்கு நெற்றி கொடுத்து நின்றே பேசினாள் ஒருத்தி.
சாமித்தூணோ என்று செருப்பைக் கழற்றப் போனார்
பின்னால் வந்தவர்.
தேவகோட்டைக்காரர் மூன்றே நிமிடம் போட்டார்,
பஸ் நகர்ந்ததும் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.
எத்தனைண்ணே என்று ஒச்சப்பன் கத்தினான்.
படிக்கட்டில் தொங்கியபடி
ஒரு கையால் ஏழு காட்ட முடியாமல் சிரித்தார்.

மதியம் ரெண்டே கால்.
நீலச் சட்டை, நாற்பத்தைந்து இருக்கும்.
"பாத்துக்கங்க தம்பி, டீ குடிச்சிட்டு வந்துர்றேன்."
ஊரைக் கேட்பதற்குள் போய்விட்டார்.
கட்டம் காலி.

ரெண்டு இருபதுக்கு அடித்தது.
திரையில் வெறுமனே 'வீடு'.
படமில்லை, பெயரில்லை.
ஓய்ந்தது. அடித்தது.
எடுக்கலாமா என்றேன்.
ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது என்று
போர்டில் எழுதிப்போட்டதை ஒச்சப்பன் சொன்னான்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.
அதிர்ந்து அதிர்ந்து
தட்டின் ஓரத்துக்கே நகர்ந்துவிட்டது போன்.
விழாமல் பிடித்துக்கொண்டேன்.
உள்ளங்கையில் யாரோ ஒருவர் வீடு
நடுங்கிக்கொண்டிருந்தது.

மற்றவையில் கோடு போட்டுக்கொண்டே வந்தான் அவன்,
நாலு நிற்க, ஐந்தாவது குறுக்கே.
ஒன்பது வந்தது.
பத்தாவதுக்குப் பேனாவை வைத்துக்கொண்டே இருந்தான்.
அது வரவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

மூணே முக்காலுக்கு வந்தார்.
தலை நனைந்திருந்தது, குழாயில் காட்டியிருப்பார்.
"அடிச்சுச்சா?"
"அடிச்சுச்சு."
"எடுத்தீங்களா?"
"இல்லண்ணே."
"நல்லது."
ஒயரைச் சுருட்டி முடித்துவிட்டு
மறுபடியும் "நல்லது" என்றார்.
தொண்ணூற்றாறு சதவீதம் ஏறியிருந்த போனை
அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
எந்த பஸ்ஸிலும் ஏறாமல்
வெளியே போகிற வழியில் நடந்தார்.

மொத்தம் அறுபத்து நாலு பேர்.
வட்ட வரைபடத்தில் அவர்
நாற்பதுக்கு மேற்பட்டோரில் இருக்கிறார், பச்சை நிறம்.
மேடம் பத்துக்கு ஏழரை போட்டார்.
தலைப்பு புதிது, மாதிரி அளவு போதாது.
'மற்றவை ஏன் இவ்வளவு நீளம்?'
சிவப்பில் சுழித்திருந்தார்.

சரி, பன்னிரண்டு கோடு.
நான் அறிந்தது:
வேலை செய்பவை மேலிருந்து இரண்டாவதும் கடைசியும்.
உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்,
எழுதிவிட்டேன்.
பதினோரு கோடு மிச்சம்.

நேற்று தேன்மிட்டாய் அக்கா சொன்னாள்,
ஒச்சப்பன் போன வாரம் ரெண்டு நாள்
தூண்கிட்ட வந்து நின்றானாம்.
போனைக் கையிலேயே எடுக்கவில்லையாம்.

அவன் ஊர் உசிலம்பட்டி.
அந்த பஸ் ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பும்.

நான் எதற்கு வந்தேன் என்று
அக்கா கேட்கவில்லை.